எழுதியது ஒன்று, ஓடுவது ஒன்று

2005 ஆடி மாதம். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து வேலை பார்த்த சின்ன மென்பொருள் கடை எங்களுடையது. புத்தக வியாபாரி ஒருவருக்குப் பட்டியல் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். நூலின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை, அவ்வளவுதான். முதல் நாள் அந்தக் கடைப் பெண் நூற்றைம்பது நூல்களை அடித்து ஏற்றிவிட்டு மாலையில் தேடிப் பார்த்திருக்கிறார். விலை இருந்தது, பக்கம் இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

'தமிழ்' என்று அடித்தால் ஐந்து கேள்விக்குறி. த, ம, அதன் கொக்கி, ழ, அதன் புள்ளி: யூனிகோடுக்கு இவை ஐந்து. எழுத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது அடியில் ஓடிய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். சர்வரின் எழுத்துத் தொகுப்பு லத்தீன்1 என்று இருக்கிறது, அதை யுடிஎஃப்8 ஆக்க வேண்டும். எட்சி கோப்புறையில் மை.சிஎன்எஃப் என்ற கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது. அதில் ஒரு வரி சேர்த்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். கேட்டால் லத்தீன்1 என்றே சொன்னது. எழுத்துப்பிழையோ என்று வரியை அழித்து மறுபடி அடித்தேன். லத்தீன்1. முழு கணினியையே அணைத்து ஏற்றினேன். லத்தீன்1.

எங்கள் கடையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். சென்னையில் ஆரக்கிள், சைபேஸ் எல்லாம் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரோடு வந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஃபைல்ல எழுதுன?"

"எட்சியில இருக்கே, அதுலதாண்ணே."

"அதத்தான் அது படிக்குதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். அந்தக் காலத்து மைஎஸ்க்யூஎல் எட்சியில் இருப்பதைப் படிக்கும். படித்துவிட்டு, தரவு இருக்கும் கோப்புறைக்குள்ளும் ஒரு மை.சிஎன்எஃப் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையும் படிக்கும். ஒரே அமைப்பு இரண்டிலும் இருந்தால் கடைசியில் படித்ததே செல்லும். சர்வரை நிறுவிய புண்ணியவான் யாரோ தரவுக் கோப்புறையில் ஒரு பிரதியைப் போட்டிருந்தார். அதில் லத்தீன்1 என்று பச்சையாக எழுதியிருந்தது. என் வரியை சர்வர் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் படித்து, அடுத்த நொடியே மறந்திருக்கிறது.

இந்த இடத்தில் அந்தக் கோப்பின் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல் 1995-இல் ஸ்வீடனில் பிறந்தது. அதை எழுதியவர்களில் முதல்வரான மைக்கேல் விடேனியஸ் பின்லாந்துக்காரர். அவருடைய மகளின் பெயர் மை. ஆங்கிலத்தில் 'என்னுடைய' என்று நாம் எடுத்துக்கொண்டது உண்மையில் ஒரு சிறுமியின் பெயர். கான்ஃபிக் கோப்பும் அவள் பெயரில்தான் இருக்கிறது. பின்னாளில் 2009-இல் அவர் பிரிந்து போய்த் தொடங்கிய மரியாடிபி, இளைய மகள் பெயர். பிறந்த ஊர் வாசனை இன்னோர் இடத்திலும் ஒட்டிக்கொண்டது. எதுவும் சொல்லாமல் விட்டால் மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 எழுத்துகளை ஸ்வீடிஷ் அகரவரிசைப்படி அடுக்கும். மதுரையில் ஏற்றினாலும் அப்படித்தான், மணிலாவில் ஏற்றினாலும் அப்படித்தான். 2018 ஏப்ரலில் 8.0 பதிப்பு வரும்வரை அதுவே இயல்பு நிலை. சிம்மக்கல் மாடியில் தமிழ் நூல் பெயர்கள் கேள்விக்குறியானதற்கு வடதுருவத்துப் பக்கம் ஒரு வேர் இருந்தது என்று சொன்னால் அந்தப் புத்தகக் கடைக்காரர் நம்பியிருக்க மாட்டார். நானும் சொல்லவில்லை.

இரண்டாவது கோப்பையும் திருத்தி ரீஸ்டார்ட் செய்ததும் சர்வர் யுடிஎஃப்8 என்றது. அண்ணனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்ப் புதிதாக ஒரு நூலை அடித்துப் பார்த்தேன். கேள்விக்குறி.

இதுதான் என்னை அன்றைக்கு உண்மையில் உலுக்கியது. இந்த முறை அமைப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அது ஆள வேண்டிய இடம் வேறு. 2004-இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துத் தொகுப்பு நான்கு படிகளில் இருந்தது: சர்வர், தரவுத்தளம், அட்டவணை, பத்தி. மேல்படியில் சொன்னது, கீழ்ப்படி புதிதாகப் பிறக்கும்போது மட்டும் அதற்குப் போய்ச் சேரும். ஏற்கெனவே பிறந்துவிட்ட அட்டவணைக்குச் சேராது. நான் பாட்டனின் உயிலைத் திருத்திவிட்டு, என்றைக்கோ பங்கு பிரித்துப் போன பேரனின் வீட்டில் மாற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டவணைகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். புதியவை சரியாயின. பழைய நூற்றைம்பது நூல்கள் போனது போனதுதான். உள்ளே போகும் வழியிலேயே தமிழ் எழுத்து உதிர்ந்து கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டது. திருப்பி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

மூன்றாவது சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை இன்றைக்கும் ரசிக்கிறேன். பேசவரும் ஒவ்வொரு இணைப்பும் முதலில் யுடிஎஃப்8 என்று அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இனிட் கனெக்ட் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை எழுதினேன். ரூட் பயனராக நுழைந்து சோதித்தேன், வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் போனது. கையேட்டில் ஒற்றை வரியில் இருந்தது: மேலதிகாரம் உள்ள பயனர்களுக்கு இந்த அமைப்பு ஓடாது. அந்த வரியில் ஒரு பிழை இருந்து எல்லோரும் வெளியே தள்ளப்பட்டால், நிர்வாகியாவது உள்ளே வந்து திருத்த வேண்டும் அல்லவா? நியாயம்தான். ஆனால் நிர்வாகிதானே சோதிப்பவர். கடைப் பெண்ணின் கணக்கில் அது முதல் தடவையே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் அன்றிரவு தன் கதையைச் சொன்னார். ஆரக்கிளில் நெடுங்காலம் இனிட்.ஓரா என்ற எழுத்துக் கோப்புதான். விஐ எடிட்டரில் திறந்து மாற்றி, மூடி, தரவுத்தளத்தை இறக்கி ஏற்றினால் முடிந்தது. 2001-இல் 9ஐ பதிப்பு வந்தபோது எஸ்பிஃபைல் என்ற இருமக் கோப்பைக் கொண்டுவந்தார்கள். ஏற்றும்போது ஆரக்கிள் முதலில் எஸ்பிஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால்தான் பழைய இனிட்.ஓராவுக்கு வரும். பழையதை யாரும் அழிக்கவில்லை. அதே கோப்புறையில், பார்ப்பதற்கு உயிரோடு இருப்பது போலவே கிடந்தது. பத்து வருடப் பழக்கத்தில் அண்ணன் அதைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். "ரெண்டு நாளு, தம்பி. ரெண்டு நாளு செத்த ஃபைலுக்கு வைத்தியம் பாத்தேன்." விவரம் தெரிந்த பிறகு எஸ்பிஃபைலையே விஐயில் திறந்து மாற்றிச் சேமித்தார். படிக்கிற மாதிரிதானே இருக்கிறது என்று நினைத்தாராம். அது கெட்டுப்போய், தரவுத்தளம் எழவே மறுத்தது. கடைசியில் அதே பழைய இனிட்.ஓராவைக் கொண்டுதான் எழுப்பினார்.

ஆனால் 9ஐ ஒரு நல்ல காரியம் செய்தது. அமைப்பை மாற்றும்போது எங்கே மாற்ற வேண்டும் என்று கேட்டது: நினைவகத்தில் மட்டுமா, கோப்பில் மட்டுமா, இரண்டிலுமா. நினைவகத்தில் மாற்ற முடியாத ஒன்றை அப்படி மாற்றச் சொன்னால் 02095 என்று எண் போட்டுத் திட்டியது. திட்டுவது நல்லது. இந்தத் தொழிலில் நான் பயந்தது திட்டாத சர்வர்களுக்குத்தான்.

சைபேஸ் வழி வேறு. சைபேஸிடம் உரிமம் பெற்று மைக்ரோசாஃப்ட் 1989-இல் ஓஎஸ்2 கணினிகளுக்காக வெளியிட்டதுதான் எஸ்க்யூஎல் சர்வர். இரண்டு குடும்பத்திலும் எஸ்பி கான்ஃபிகர் என்ற கட்டளை உண்டு. அதை ஓட்டினால் ஒவ்வொரு அமைப்புக்கும் இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும். கான்ஃபிக் வேல்யூ ஒன்று, ரன் வேல்யூ இன்னொன்று. நீ எழுதிக் கொடுத்தது இது, நான் இப்போது வைத்து ஓடிக்கொண்டிருப்பது அது. ரீகான்ஃபிகர் என்று சொன்னால் சிலவற்றில் இரண்டும் ஒன்றாகும், மற்றவற்றுக்கு ரீஸ்டார்ட் வேண்டும். என் கணிப்பில் இந்தத் துறை கண்ட மிக நேர்மையான திரை அதுதான். நான் பிறகு பார்த்த சில தரவுத்தளங்கள் அந்த இரண்டு பத்திகளுக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்துக்கொண்டன.

விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் ஓட்டியவர்களின் அவஸ்தை தனி ரகம். நோட்பேடில் எழுதிச் சேமித்தால் அது கேட்காமல் பின்னால் டாட் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும். சிஎன்எஃப் என்ற பின்னொட்டை விண்டோஸ் ஸ்பீட் டயல் கோப்பு என்று எடுத்துக்கொண்டு கண்ணுக்கே காட்டாது. அங்கே மை.ஐஎன்ஐ என்ற பெயரும் புழக்கத்தில் இருந்தது. போதாக்குறைக்கு பின்சாய்வுக் கோடு வேறு. கோட்டுக்குப் பின் ஆங்கில 'டி' வந்தால் மைஎஸ்க்யூஎல் அதை டேப் என்று படிக்கும், 'என்' வந்தால் புதிய வரி. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் டி டிரைவில் தமிழ் என்று ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறை திறந்து, தரவு அங்கே இருக்கட்டும் என்றார். மைஎஸ்க்யூஎல் அதன் முதலெழுத்தை விழுங்கி டேப் ஆக்கிவிட்டு, 'அமில்' என்பதைத் தேடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் பெரும்பாலும் நேரத்தைத்தான் தின்றன, தரவை அதிகம் தின்னவில்லை. 2009-இல் பார்த்தது வேறு.

அப்போது நான் சென்னை வந்துவிட்டேன். 5.1 பதிப்பு, புது சர்வர். மைஎஸ்க்யூஎல்லோடு அந்தக் காலத்தில் மாதிரிக் கோப்புகள் சில வரும்: ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹியூஜ். 'ஹியூஜ்' என்றால் ஒன்று முதல் இரண்டு ஜிபி நினைவகம் உள்ள பிரம்மாண்ட இயந்திரத்துக்கு என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கும். இப்போது கைப்பேசியில் அதைவிட அதிகம். அப்படி ஒரு கோப்பை எடுத்து, பரிவர்த்தனைகளைக் காக்கும் எஞ்சினான இன்னோடிபியின் லாக் அளவை 64 எம்பி என்று உயர்த்தினேன். ரீஸ்டார்ட் செய்தேன். சர்வர் எழுந்தது, இணைப்புகளை ஏற்றது, ஒரு குறையும் சொல்லவில்லை. அட்டவணைகளை உருவாக்கினோம், மென்பொருளை ஏற்றினோம், கணக்குப் பதிவுகள் ஓடத் தொடங்கின.

மூன்றாம் வாரம் ஒரு பரிவர்த்தனை பாதியில் அறுந்தது. அறுந்தால் என்ன, ரோல்பேக் ஆகியிருக்கும். ஆகவில்லை. பற்று மட்டும் எழுதப்பட்டு, வரவு எழுதப்படாமல் நின்றது.

நடந்தது இது. சர்வரை நிறுவியவுடன் அது ஒரு முறை தானாக ஓடி, இயல்பு அளவான 5 எம்பியில் லாக் கோப்புகளை உருவாக்கிவிட்டது. பிறகு நான் 64 என்று எழுதினேன். வட்டில் இருப்பது 5, கான்ஃபிக்கில் 64. பொருந்தவில்லை என்று இன்னோடிபி எழ மறுத்தது. ஆனால் 5.1-இல் இன்னோடிபி ஒரு பிளகின் மாதிரி. அது எழாவிட்டாலும் சர்வர் எழும். அப்போது இயல்பு எஞ்சின் மைஐசாம், அதற்குப் பரிவர்த்தனை என்றால் என்னவென்றே தெரியாது. இன்னோடிபியில் அட்டவணை கொடு என்று கேட்டோம். அது இல்லையென்றதும் மைஐசாமில் போட்டுக் கொடுத்தது. ஓர் எச்சரிக்கை விட்டதாம். ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்கியபோது அந்த எச்சரிக்கையை யார் பார்த்தார்கள்? எரர் லாக்கில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது, கோப்பு அளவு பைட் கணக்கில் உட்பட. மூன்று வாரமாக அதைத் திறக்காதது என் குற்றம். கணக்குப் பிரிவில் இருந்த ஐயா ஒருவர் பேரேட்டை வைத்து வரி வரியாகச் சரிபார்த்து முடிக்க பதினொரு நாள் ஆனது. ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை அவர். பேசியிருந்தால் தேவலை.

சர்வரை ஒழுங்காக இறக்கி, பழைய லாக் கோப்புகளை நகர்த்தி வைத்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். அந்த வைத்தியத்துக்கே வேலையில்லாமல் செய்தது 5.6 பதிப்பு. அளவு மாறியிருந்தால் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். அதற்கு முன்பே, 2010 கடைசியில் 5.5 வந்தபோது, இன்னோடிபி இயல்பு எஞ்சின் ஆகிவிட்டது. அந்த மாதிரிக் கோப்புகளையும் 5.6-இல் எடுத்துவிட்டார்கள்.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பக்கம் நான் தாமதமாகத்தான் போனேன். அங்கே கான்ஃபிக் கோப்பில் பெரும்பாலான அமைப்புகள் எழுதியே இருக்கும், முன்னால் ஒரு ஹாஷ் குறியோடு. அந்தக் குறியை எடுக்காமல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நாள் முழுக்க ரீஸ்டார்ட் செய்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவரை மிக நெருக்கமாகத் தெரியும். இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்றும் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் முன்னால் ஹாஷ் போட்டு ரீலோட் செய்தால் அது இயல்பு நிலைக்குத் திரும்பாது. பழைய மதிப்பே சர்வருக்குள் ரீஸ்டார்ட் வரை உலவும். 2008-இல் வந்த 8.3 பதிப்புதான் இதைச் சரி செய்தது. அடுத்த வருடம் 8.4-இல், ஒவ்வொரு அமைப்பும் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று சர்வரிடமே கேட்க முடிந்தது. சிம்மக்கல் மாடியில் எனக்கு அது இருந்திருந்தால்!

ஒவ்வொரு திருத்தமும் கூடவே ஒரு புதுப் பள்ளத்தையும் வெட்டும். 9.4-இல் ஆல்டர் சிஸ்டம் என்ற கட்டளை வந்தது. கோப்பைத் தொடாமலே அமைப்பை மாற்றலாம், அது ஆட்டோ.கான்ஃப் என்ற தனிக் கோப்பில் எழுதிக்கொள்ளும், அது கடைசியில் படிக்கப்படும். ஆகவே போன மாதம் சக ஊழியர் கட்டளையால் மாற்றியதை, இந்த மாதம் நான் முதன்மைக் கோப்பில் எத்தனை முறை எழுதினாலும் செல்லாது. 2005-இல் தரவுக் கோப்புறையில் ஒளிந்திருந்த அதே இரண்டாவது கோப்பு, இப்போது அதிகாரபூர்வமாக. மைஎஸ்க்யூஎல்லும் 8.0-இல் செட் பெர்சிஸ்ட் என்று இதையே கொண்டுவந்தது. நல்லவேளையாக, மதிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அட்டவணை ஒன்றையும் அதே பதிப்பில் கொடுத்தார்கள். போஸ்ட்கிரஸ் 9.5 முதல், ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும் அமைப்பு எது என்றும் காட்டியது.

இதற்கிடையே சிக்கல் தரவுத்தளத்தை விட்டு வெளியே நகர்ந்திருந்தது. 2014-இல் ரெட்ஹேட் லினக்ஸ் 7, சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியோடு வந்தது. அடுத்த ஓரிரு வருடம் எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்.

"சார், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 500-னு போட்டிருக்கேன், ஆனா சர்வர்ல..."

"214-னு காட்டுதா?"

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இருக்காது. ஏதோ ஜோசியக்காரனைப் பார்த்த மாதிரி. கணக்கு ரொம்ப எளிது. சர்வர் திறக்கக்கூடிய கோப்புகளுக்கு இயங்குதளம் வைத்த வரம்பு 1024. அதில் 10 தன் சொந்தச் செலவுக்கு, 800 அட்டவணைகளுக்கு என்று மைஎஸ்க்யூஎல் ஒதுக்கிக்கொள்ளும். மிச்சம் 214. நாம் எழுதிய 500-ஐ அது படித்தது, மதித்தது, முடியாதென்று குறைத்துக்கொண்டது. லாக்கிலும் எழுதி வைத்தது. பழைய பழக்கத்தில் எல்லோரும் லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் வரம்பை உயர்த்தினார்கள். அது ஆட்கள் லாகின் செய்து நுழையும் வழிக்கு. சிஸ்டம்டி எழுப்பும் சேவைகள் அந்த வாசல் வழியாக வருவதே இல்லை. சேவையின் சொந்தக் கோப்பில் லிமிட்நோஃபைல் என்று எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, கோப்பு மாறியிருக்கிறது என்று சிஸ்டம்டிக்கு டீமன்ரீலோட் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், செல்லுபடியாகாத அமைப்பைச் செல்லுபடியாக்கப் போட்ட அமைப்பும் செல்லுபடியாகாது. இதை ஒருவருக்குத் தொலைபேசியில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கே நாக்கு சுளுக்கிவிடும்.

இப்போது பெரும்பாலும் அமேசான் ஆர்டிஎஸ் போன்ற வாடகைத் தரவுத்தளங்கள்தான். கோப்பே கண்ணில் படாது. பாராமீட்டர் குரூப் என்று ஒரு பக்கம். மாற்றினால் சில அமைப்புகளுக்குப் பக்கத்தில் ரீபூட் நிலுவை என்று வரும். அது பழைய சைபேஸ் திரையின் இரண்டு பத்திகள்தான், கொஞ்சம் பளபளப்பாக.

போன மாசி மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் விண்டோஸ் மடிக்கணினியில் டாக்கருக்குள் மைஎஸ்க்யூஎல் ஓட்டிக்கொண்டு, "சார், நான் எழுதுற எதையுமே இது கேக்க மாட்டேங்குது" என்று வந்தார்.

"லாக்ல மொதல் நாலு வரிய வாசிம்மா" என்றேன்.

வாசித்தார். கோப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி இருப்பதால் அதை ஒதுக்கிவிட்டேன் என்று இருந்தது. விண்டோஸிலிருந்து டாக்கருக்குள் போகும் கோப்பு அப்படித்தான் எல்லா அனுமதியோடும் போய் உட்காரும். கண்டவர் கைபட்ட கோப்பை நம்பக் கூடாது என்பது மைஎஸ்க்யூஎல்லின் பழைய விதி. அந்தப் பெண் கோப்பைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, இரண்டே நிமிடத்தில் சிரித்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அது இரண்டு நாள் வேலையாக இருந்திருக்கும்.

மதுரைப் புத்தகக் கடைக்காரரின் மகன்தான் இப்போது வியாபாரம் பார்க்கிறார். மூன்று வருடம் முன்பு பழைய பட்டியலைப் புது மென்பொருளுக்கு மாற்ற உதவி கேட்டார். அந்த நூற்றைம்பதில் பெரும்பாலானவற்றை அன்றைக்கே அந்தக் கடைப் பெண் மறுபடி அடித்துவிட்டிருந்தார். பதினேழு மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தன. அதற்குள் புத்தகங்கள் விற்றுப் போயிருக்கும். ஒன்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏழு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, ஐந்து கேள்விக்குறி. 160 பக்கம். விலை 45 ரூபாய்.

"என்ன புக்குண்ணே இது?" என்று கேட்டார் மகன். நானும் அவரும் கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.